நிலம் போன காசும் நெல் விற்ற காசும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெல்டா மாவட்டங்களிலிருந்துதான். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறுகிற சமயம், அதனால்தான் இருக்கும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

நான்குவழிச் சாலைக்கு எங்கள் நிலத்தில் ஒன்றரை ஏக்கர் போய்விட்டது. இழப்பீடு 42 லட்சம் வந்து வங்கியில் கிடக்கிறது. நாத்தனார் வீட்டுக்காரர் தஞ்சாவூரில் ஒருவரிடம் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி என்கிறார். வங்கி மேனேஜர் வீட்டுக்கே வந்து ஒரே தவணையில் கட்டும் பாலிசி போடச் சொல்கிறார். தம்பி பைபாஸ் ஓரம் மனை வாங்கு என்கிறான். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், மகன் பத்தாவது. வீட்டுக்காரருக்கு 51 வயது. மீதி ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலம் இருக்கிறது. கைமாற்றுக் கடன் இரண்டரை லட்சம் இருக்கிறது. தூக்கமே வரவில்லை சார்.
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் சொல்ல வேண்டியது, ஆறு மாதத்துக்கு யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். பணம் வந்தவுடன் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும், அந்தப் பதற்றத்தை நம்பித்தான் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரு வருட ஃபிக்ஸட் டெபாசிட்டாகத் துண்டு துண்டாகப் போட்டு வையுங்கள், ஒன்றை உடைத்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். ஒரு வங்கி முடங்கினால் ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, 2020 பிப்ரவரி முதல் இதுதான் வரம்பு. அதனால் சிறிய வங்கியிலோ, கூட்டுறவு வங்கியிலோ மொத்தத்தையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். நிதி என்று பெயர் போட்ட கம்பெனிகளுக்கு அந்த 5 லட்சம் காப்பீடும் கிடையாது.

காத்திருக்கக் கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைமாற்றுக் கடனை நாளைக்கே அடைத்து, எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துப் போடுங்கள். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், இதை மிஞ்சும் முதலீடு நேர்மையான வழியில் எங்கும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அதை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம், தவணைக்குள் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை.

நாத்தனார் வீட்டுக்காரர் சொன்ன இரண்டு ரூபாய் வட்டிக்கு வருகிறேன். என் அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 1,80,000 ரூபாயை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். 1996-இல் அது பெரிய தொகை. இரண்டு வருடம் தேதி தவறாமல் வட்டி வந்தது. மூன்றாம் வருடம் ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. பச்சைக் காகிதத்தில் மேலே பிள்ளையார் படம் போட்ட அந்த ரசீதை அப்பா ஒரு பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டு, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்தப் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஏன் போகிறீர்கள் என்று அம்மா கேட்டதே இல்லை. பதினோரு வருடம் கழித்து 31,000 ரூபாய் வந்தது, அதை வாங்க அப்பா இல்லை.

அந்தக் காலத்தில் இப்படி ஏமாந்த குடும்பங்கள் ஏராளம் என்பதால்தான் 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், சொத்தை முடக்கலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் போன பணம் திரும்புவதற்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. நீங்களே யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு 24 சதவீதம் கொடுப்பவர் தன் செலவும் லாபமும் போக 35 சதவீதமாவது சம்பாதிக்க வேண்டும். எந்த வியாபாரத்தில் வருடா வருடம் அது வருகிறது? அப்படி ஒரு வியாபாரம் இருந்தால் அவருக்கு வங்கி பாதி வட்டிக்குக் கடன் கொடுக்குமே, உங்களிடம் ஏன் வர வேண்டும்? பின்னால் வருகிறவரின் பணத்தைத்தான் முன்னால் வந்தவருக்கு வட்டியாகக் கொடுப்பார்கள். வருகிறவர் நின்றால் ஷட்டர் இறங்கும்.

மனை விஷயம். உங்களுக்கு ஏற்கெனவே நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது. முழுச் செல்வமும் ஒரே மண்ணில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்த காலையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பார்த்தோம். முப்பது வருடம் வளர்த்த தென்னந்தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது, புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் என்ற நிலையில் வேறு சேமிப்பு எதுவும் இல்லாதவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன ஒன்றரை ஏக்கருக்குப் பதிலாக உங்கள் ஊரிலேயே நல்ல வாய்க்கால் பாசன நிலம் நியாய விலைக்கு வந்தால் வாங்குங்கள், அது உங்களுக்குத் தெரிந்த தொழில். பைபாஸ் மனை உங்களுக்குத் தெரியாத தொழில், அவசரத்துக்கு விற்கவும் முடியாது.

இப்போது பணத்தைப் பிரிக்கிற விஷயம். எந்தத் தேதியில் வேண்டும் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மகள், மகன் படிப்புக்கு அடுத்த நான்கு வருடத்தில் என்ன செலவாகும் என்று காகிதத்தில் எழுதுங்கள், 9 லட்சம் என்று வந்தால் அந்த 9 லட்சம் வங்கியிலும் தபால் அலுவலகத்திலும் மட்டும்தான் இருக்க வேண்டும், அதில் ஒரு ரூபாய்கூடப் பங்குச்சந்தைப் பக்கம் போகக் கூடாது. ஒரு வருடக் குடும்பச் செலவு தனியாக. நிலம் வாங்குவதாக இருந்தால் அதற்கு ஒரு பங்கு. மீதி இருப்பது உங்கள் இருவருக்கும் வயதான காலத்துக்கான பணம், பத்து வருடத்துக்குத் தொட வேண்டியதில்லை. அந்தப் பங்கில் பாதியை மட்டும், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்டு போன்ற சாதாரணமான மியூச்சுவல் ஃபண்டில், ஒரே நாளில் கொட்டாமல் ஒன்றரை வருடத்தில் மாதாமாதம் கொஞ்சமாக ஏற்றலாம்.

கிராமத்து விவசாய நிலத்துக்கு வந்த இழப்பீட்டுக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. அதை டெபாசிட் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு. நில ஆவணம், இழப்பீட்டு உத்தரவு இரண்டையும் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். 42 லட்சம் என்பது உங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவை வருகிற பணம். காசு கொடுத்து ஒரு ஆலோசகரைப் பார்ப்பது உங்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். யாரை, எப்படி என்பதையும், வங்கி மேனேஜர் சொல்லும் பாலிசி பற்றியும் கீழே கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன பதிலில் பாருங்கள்.

போன வாரம்தான் வங்கியில் எஃப்.டி போடப் போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தபாலில் வந்தது இன்ஷூரன்ஸ் பத்திரம். வருடம் ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டுமாம். என்ன செய்வது?
மன்னார்குடி

இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அந்தச் சில நாள் காப்பீட்டுக்கான சிறு தொகை, முத்திரைத்தாள் செலவு போன்றவை போக மீதி வந்துவிடும். கம்பெனிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள், வங்கியில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "அடுத்த வாரம் வாங்க, சார் லீவு" என்று இழுப்பார்கள், 30 நாள் தாண்டிவிடத்தான் அது.

தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், வயது 27. மாதம் 5,000 எஸ்.ஐ.பி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் போட்ட பணமே குறைந்துவிட்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். மறுபடி போடலாமா அண்ணா?
தஞ்சாவூர்

போடலாம் தங்கச்சி. நீ ஆரம்பித்த நேரம் அப்படி. 2024 செப்டம்பர் கடைசியில் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 86,000-ஐத் தொடும் அளவுக்குப் போய், 2025 பிப்ரவரி முடிவில் 73,000 அருகே இறங்கியது. புதிதாக வந்த எல்லோருக்கும் அந்த ஆறு மாதம் வயிற்றைக் கலக்கியது.

உன் வீட்டில் யாராவது விவசாயம் செய்தால் கேட்டுப் பார். நடவு முடிந்த ஒரு வாரம் வயலைப் பார்த்தால் பயிர் செத்துவிட்டது போலத்தான் இருக்கும், மஞ்சளாகத் துவண்டு கிடக்கும். அப்புறம்தான் வேர் பிடித்துப் பச்சை பிடிக்கும். அந்த ஒரு வாரத்தில் யாரும் டிராக்டரை விட்டு வயலை உழுதுவிடுவதில்லை. ஆறு மாதம் என்பது எஸ்.ஐ.பிக்கு அந்த ஒரு வாரம்தான்.

ஆனால் பயப்படாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. 2008 ஜனவரியில் 21,000-இல் இருந்த சென்செக்ஸ் அந்த அக்டோபரிலேயே 8,000-க்கும் கீழே போனது. மறுபடி 21,000-ஐத் தொட 2010 நவம்பர் ஆனது, அதற்கப்புறமும் இறங்கி, 2013 முடிவில்தான் அந்த உயரத்தை நிலையாகத் தாண்டியது. கிட்டத்தட்ட ஆறு வருடம். 2020-இல் வேறு மாதிரி, ஜனவரியில் 42,000, மார்ச் 23-ஆம் தேதி 26,000-க்கும் கீழே, நவம்பரிலேயே பழைய உயரம். எந்த இறக்கம் எவ்வளவு நாள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால்தான் ஏழெட்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே கொண்டுபோகாதே என்கிறோம். கல்யாணத்துக்கு என்று சேர்ப்பதாக இருந்தால் அது ஆர்.டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் டெபாசிட்டில்) இருக்கட்டும். உன் 50 வயதுக்கு, 55 வயதுக்கு என்றால் எஸ்.ஐ.பி.

மாதம் 5,000, சராசரியாக வருடம் 12 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் (கிடைத்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது) பத்து வருடத்தில் 11.5 லட்சம், இருபது வருடத்தில் 49 லட்சத்துக்குச் சற்று மேல், முப்பது வருடத்தில் ஒன்றே முக்கால் கோடி. கடைசிப் பத்து வருடம் மட்டும் என்ன செய்கிறது என்று பார். நீ போடுவது அப்போதும் அதே 6 லட்சம்தான். 10 சதவீதம்தான் கிடைத்தது என்றால் இருபது வருடத் தொகை 38 லட்சம், அதுவும் மோசமில்லை. உன் கையில் இருப்பது 27 என்கிற வயது, அதை வீணாக்காதே.

எஸ்.ஐ.பிக்கு முன்னால் ஒன்று செய். நான்கு மாதச் சம்பளம் வங்கியில் சும்மா இருக்கட்டும். அது இல்லாததால்தான் பயம் வந்தது, நிறுத்த வேண்டி வந்தது.

என் ஏஜெண்ட் இருபது வருடப் பழக்கம். பாலிசி, ஃபண்டு எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார், ஒரு பைசா வாங்குவதில்லை. மகன் ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போனான், அவர் முதல் வருடத்துக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். இன்டர்நெட்டில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது இவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? ஃபண்டில் 20 லட்சம் இருக்கிறது, பாலிசி நான்கு.
கும்பகோணம்

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிகமாக எழுத ஆசைப்பட்டேன்.

உங்கள் ஏஜெண்ட் வாங்குவதில்லை என்கிறீர்கள். உங்களிடம் கைநீட்டி வாங்குவதில்லை, அவ்வளவுதான். ஏஜெண்ட் வழியாகப் போகிற மியூச்சுவல் ஃபண்டில் ரெகுலர் பிளான் என்று இருக்கும். உங்கள் முதலீட்டிலிருந்து வருடா வருடம் அரை சதவீதம், முக்கால், சிலவற்றில் ஒரு சதவீதம் வரை விநியோகஸ்தருக்குக் கமிஷனாகப் போகும். முக்கால் என்று வைத்தால் 20 லட்சத்துக்கு வருடம் 15,000. ஆலோசகர் கேட்ட அதே தொகையை இத்தனை நாளாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பணம் பெருகப் பெருக இது பெருகும். கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டிலும் உண்டு. ஒரு சதவீதம் பெரிதா என்று தோன்றும். மாதம் 10,000 ரூபாய், இருபது வருடம், 12 சதவீதத்தில் 98.9 லட்சம், 11 சதவீதத்தில் 86.6 லட்சம். வித்தியாசம் 12 லட்சத்துக்கு மேல்.

பாலிசியில் இன்னும் அதிகம். சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த பழைய பாணிப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் கால் பங்கும் அதற்கு மேலும் விற்றவருக்குப் போவது உண்டு, கடைசியில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் வருடத்துக்கு ஐந்து ஆறு சதவீதக் கணக்குதான். நான் 27 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். மார்ச் மாதம் வந்தால் இத்தனை பாலிசி முடித்தாயா என்று மேலிடத்திலிருந்து தினமும் போன் வரும். பென்ஷன் வாங்க வந்த பெரியவர்களிடம் நானும் விற்றிருக்கிறேன். அவர்களில் சிலர் பணம் கட்ட முடியாமல் மூன்றாம் வருடம் பாலிசியை விட்டுவிட்டார்கள், அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. விற்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதே இல்லை ஐயா, அவனுக்குச் சம்பளம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் அவன் வாய் பேசும்.

நீங்கள் ஒரு வீட்டுமனை வாங்கினால் வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுத்து வில்லங்கம் பார்க்கச் சொல்கிறீர்கள், சர்வேயருக்குக் கொடுத்து அளக்கிறீர்கள். மனையை விற்கிற தரகரிடமே பத்திரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. பண விஷயத்தில் மட்டும் விற்கிறவரிடமே ஆலோசனையும் கேட்கிறோம்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்ற ஏற்பாடு 2013-இல் வந்தது. இவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்க வேண்டும், உங்களுக்குச் சொல்லும் திட்டத்துக்கு அந்தக் கம்பெனியிடமிருந்து கமிஷன் வாங்கக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். பதிவு எண் ஐ.என்.ஏ என்று தொடங்கும், செபி இணையதளத்தில் அந்த எண்ணையும் பெயரையும் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். ஏ.ஆர்.என் என்று எண் சொன்னால் அவர் விநியோகஸ்தர், அது தவறில்லை, ஆனால் அவருக்குக் கமிஷன் உண்டு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். நாடு முழுவதும் சேர்த்தே இந்த ஆலோசகர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான், டெல்டாவில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். வீடியோ காலில் பார்த்தாலும் பரவாயில்லை, ஆனால் பணம் எப்போதும் உங்கள் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் உள்ள ஃபண்டுக்குத்தான் போக வேண்டும். ஆலோசகர் பெயருக்குக் கட்டணம் தவிர ஒரு ரூபாய் போகக் கூடாது. இத்தனை சதவீதம் நிச்சயம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் பதிவு இருந்தாலும் வேண்டாம்.

நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? முதல் சந்திப்பில் எந்த ஃபண்டு என்று பேசவே மாட்டார். உங்களுக்கு என்ன கடன், யாரெல்லாம் உங்களை நம்பி இருக்கிறார்கள், டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, நாமினி யார், உயில் எழுதியாயிற்றா என்றுதான் கேட்பார். உங்கள் நான்கு பாலிசியில் எதைத் தொடர்வது, எதைப் பணம் கட்டுவதை நிறுத்தி வைப்பது, எதைச் சரண்டர் செய்வது (முதிரும் முன்பே முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்வது) என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதற்கே 15,000 தகும்.

எந்த ஃபண்டு நல்லது என்பது இன்டர்நெட்டில் கிடைக்கும், உண்மைதான். எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடைக்காரர் உங்கள் ஊரில் இருக்கிறார். 2020 மார்ச் கடைசி வாரம், கடை பூட்டியிருக்கிறது, ஊரடங்கு, அவருடைய 31 லட்சம் 21 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. இரவு பதினொன்றரைக்கு ஆலோசகருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விற்றுவிடு என்றார். அந்தப் பெண் சண்டை போடவில்லை, சந்தை ஏறும் என்றும் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் முதல் நாள் இவரே கைப்பட எழுதிக் கொடுத்த காகிதத்தைப் போனில் படித்தார்: "இந்தப் பணம் எனக்கு 2031-இல் வேண்டும். நடுவில் பாதியாகக் குறையலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது." படித்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு எட்டு மாதப் பணம் எஃப்.டியில் இருக்கிறதே, அதை எடுத்தீர்களா என்று கேட்டார். எடுக்கவில்லை. சரி, காலையில் பேசலாம் என்று வைத்துவிட்டார். காலையில் இவர் போன் செய்யவில்லை. அந்த டிசம்பருக்குள் பணம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இரவு அவரிடம் ஒரு ஆப் மட்டும் இருந்திருந்தால் மூன்று தடவை அமுக்கி விற்றிருப்பார்.

மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் போடுகிறவர்களுக்கு இவ்வளவு கட்டணம் தேவையில்லை. போன் செய்தால் எடுக்கிற, அடிக்கடி மாற்றச் சொல்லாத நல்ல விநியோகஸ்தர் போதும். உங்கள் ஏஜெண்டையும் பகைத்துக்கொள்ள வேண்டாம், பல வருடப் பழக்கம், கிளெய்ம் நேரத்தில் ஓடி வருகிறவர் அவராகத்தான் இருப்பார்.

கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றேன், வயது 67. கையில் 18 லட்சம். பென்ஷன் சொற்பம். வட்டியெல்லாம் விலைவாசிக்குப் போதாது, மொத்தத்தையும் ஷேரில் போடுங்கள் என்கிறான் மகன்.
மயிலாடுதுறை

மகன் சொல்லும் விலைவாசிக் கணக்கு சரி, மருந்து சரியில்லை. தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போடுங்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்குக்கு வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கான வட்டியை அரசு அவ்வப்போது மாற்றலாம், நீங்கள் சேர்ந்த வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. 3 லட்சம் வங்கியில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு. கணக்கை உங்கள் மனைவியோடு கூட்டாகத் தொடங்கி, நாமினியையும் எழுதிவிடுங்கள்.

ஐந்து ஏக்கர், குறுவை சம்பா இரண்டு போகம். எல்லோரும் மாதம் மாதம் எஸ்.ஐ.பி என்கிறார்கள், எங்களுக்கு மாதச் சம்பளமா வருகிறது? மகளுக்கு நான்கு வயது.
திருத்துறைப்பூண்டி

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். பணம் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கே எழுதுகிறோம். உங்களுக்கு ஒன்றாம் தேதி என்பதே வருடத்துக்கு இரண்டுதான், குறுவைக்கு ஐப்பசி வாக்கில் ஒன்று, சம்பாவுக்கு மாசியில் ஒன்று.

எங்கள் தாத்தா வீட்டில் பத்தாயத்துக்குப் பக்கத்தில் விதைநெல்லுக்கென்று தனிக் குதிர் இருந்தது. வாயை மூடிக் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசியிருப்பார்கள், பாட்டியின் விரல் தடம் அதில் காய்ந்து நிற்கும். சோற்றுக்கு நெல் கடன் வாங்கிய வருடத்திலும் அந்தப் பூச்சை உடைக்கவில்லை என்று பாட்டி சொல்வாள். கொள்முதல் பணம் வந்த அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வீட்டுக்கு ஒரு கணக்கு, சாகுபடிக்கு ஒரு கணக்கு, வங்கியில் தனித்தனியாக இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதை முதலில் இரண்டாவது கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு போகம் அறுவடை நேரத்து மழையில் மாட்டிக்கொண்டால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் தள்ளிவைத்தால், தாங்கிக்கொள்ள இன்னொரு பங்கு எஃப்.டியில். இந்த இரண்டும் நிறைந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அதற்கப்புறம் மிஞ்சுவதற்கு மாதக் கணக்கு தேவையே இல்லை. மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம், இப்போது 8.2 சதவீதம், வருடம் குறைந்தது 250 ரூபாய், அதிகம் 1.5 லட்சம், மாசியில் ஒரே தடவையாகக் கட்டலாம். 15 வருடம் கட்டினால் போதும், தொடங்கி 21 வருடத்தில் முதிரும், 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். உங்களுக்கு பி.பி.எஃப் (அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டம்), அதையும் பணம் இருக்கும்போது கட்டலாம், மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் சேரும். மியூச்சுவல் ஃபண்டு வேண்டுமென்றால் அறுவடைப் பணத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டு) வைத்து, அங்கிருந்து மாதாமாதம் கொஞ்சமாக மாற்ற ஏற்பாடு இருக்கிறது, எஸ்.டி.பி என்று கேளுங்கள். விளையாத வருடம் போடாதீர்கள். போடவில்லையே என்று வருந்தவும் வேண்டாம்.

நகைக்கடைச் சீட்டு பதினோரு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். நல்ல முதலீடா?
பாபநாசம்

நகை வாங்கப் போகிறீர்கள் என்றால், கடை நம்பிக்கையானது என்றால், தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று இப்போது எல்லோரும் நம்புகிறார்கள், 2012 முடிவிலிருந்து 2018 வரை நம் ஊர் விலை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றதை மறந்துவிட்டார்கள்.

மகன் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருக்கிறான். போனில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறான். ஒருநாள் 8,000 லாபம் என்று காட்டினான். போன வாரம் என் சங்கிலியை அடகு வைக்கக் கேட்டான். கொடுக்கலாமா?
நன்னிலம்

கொடுக்காதீர்கள் அம்மா. செபியே 2024-இல் கணக்கெடுத்துச் சொன்னது, பியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் (விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வியாபாரத்தில்) இறங்கிய தனிநபர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம், எல்லோருடையதையும் சேர்த்தால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் மகன் முட்டாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள். வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுவில் யாராவது டிப்ஸ் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள், கொடுத்தால் அந்த ஆளின் செபி பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். வேலை இல்லாத பையனுக்கு அந்த 8,000 தான் தலை நிமிர்ந்த ஒரே நாளாக இருந்திருக்கும். புரோக்கர் ஆப்பில் லாப நட்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும், ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை தேதி போட்டு எடுக்கலாம், கட்டணமும் வரியும் போக மிஞ்சியது கடைசி வரியில் வரும். கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லுங்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவனையே உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் எதுவும் பேச வேண்டாம். சங்கிலி அதுவரை கழுத்தில் இருக்கட்டும்.